சாமிக்குத் தரகர் எதற்கு

பேரையூர் மிளகாய் வத்தல் மண்டியில் மூன்று பழைய கம்ப்யூட்டர் திரைகள் இருந்தன. ஒன்றில் எழுத்து பச்சையாக வரும், ஒன்றில் மஞ்சளாக, இன்னொன்றில் வெள்ளையாக. எங்கோ மூடிய மில்லின் ஏலத்தில் மண்டி முதலாளி அள்ளி வந்தவை. எழுத்தையும் கட்டக் கோட்டையும் தவிர படம் கிடம் எதுவும் காட்டாது. ஆனால் வத்தல் நெடியிலும் தூசியிலும் புதுக் கம்ப்யூட்டரெல்லாம் மண்டையைப் போட, இந்தக் கிழடுகள் மட்டும் தும்மாமல் ஓடின. மாற்றிவிடலாமே என்று நான் சொன்னபோது, "ஓடுற மாட்ட எவனாச்சும் விப்பானா தம்பி?" என்று கேட்டார் முதலாளி.

அந்த மூன்றுக்கும் பில் போடும் புரோகிராம் எழுதுவதுதான் எங்கள் வேலை. நாங்கள் என்றால் நானும் என் கல்லூரிக் கூட்டாளியும். மதுரை காளவாசலில் ஒரு டீக்கடைக்கு மேல் ஆபீஸ். இது எங்கள் முதல் பெரிய வேலை, சொதப்பினால் கடைசி வேலையும் இதுதான். பெங்களூரில் எனக்கு ஒரு உத்தியோகம் தயாராகக் காத்திருந்தது. மனைவிக்கோ மதுரையில் நிரந்தரமான டீச்சர் வேலை. கல்யாணமான புதிதில் அவள் இங்கும் நான் அங்குமாக ஒரு வருடம் கிடந்தோம். இன்னொரு தடவை அப்படிக் கிடக்க இருவருக்கும் தெம்பில்லை. மண்டியில் புரோகிராம் ஓடத் தொடங்கும் அன்று சாயங்காலத்துக்குள் பெங்களூருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஓடினால் மதுரை, ஓடாவிட்டால் பெட்டி படுக்கை.

வேலையில் சிக்கல் என்னவென்றால், மூன்று திரைக்கும் மூன்று பாஷை. திரையைத் துடை என்று பச்சைக்கு ஒரு மாதிரி சொல்ல வேண்டும், மஞ்சளுக்கு வேறு மாதிரி. ஒன்றுக்குச் சொல்வதை இன்னொன்றிடம் சொன்னால் கன்னாபின்னாவென்று உளறும். அதற்காக மூன்று புரோகிராம் எழுதினால் விடியுமா? நாங்கள் எழுதியது ஒன்றே ஒன்றுதான். அது 'துடை', 'மூன்றாவது வரிக்குப் போ' என்று பொதுவாகச் சொல்லும். நடுவில் ஒரு சின்னப் பகுதி, எதிரே இருப்பது எந்தத் திரை என்று முதலில் விசாரித்து, அதன் பாஷையில் மாற்றிக் கொடுக்கும். நாளைக்கு நாலாவதாக ஒரு திரை வந்தாலும், அதன் பாஷையை இந்தப் பகுதிக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இதை முதலாளிக்கு நான் தொண்டை வறள விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துவிட்டார். சந்தையில் அடுத்தவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசியவராயிற்றே. "நடுவுல ஒரு தரகர வச்சிருக்கோம்னு சொல்லு. அதுக்கா இம்புட்டுப் பேச்சு?"

எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று திரையிலும் சோதித்தோம், தரகர் அம்சமாக வேலை பார்த்தார். அப்புறம்தான் முதலாளி ஒரு காரியம் சொன்னார். ஒவ்வொரு பில்லும் தொடங்கும்போது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் 'வேலும் மயிலும் துணை', அதன் கீழே 'எல்லாம் அவன் செயல்' என்று வர வேண்டும். சரி, அதையும் தரகர் வழியாக அனுப்பிவிடுகிறோம் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"சாமிக்குத் தரகர் எதுக்குய்யா? நேரா போகட்டும்."

நியாயம்தானே என்று பட்டது. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. சாமி வரி இரண்டையும் தரகரைத் தொடாமல் நேராகத் திரைக்குப் போகும்படி எழுதினோம். ஆபீஸில் என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தோம், அழகாக வந்தது. பில்லில் மற்றதெல்லாம் இங்கிலீஷ், சாமி வரி மட்டும்தான் தமிழ். லேப்டாப்புக்குத் தமிழ் தெரியும். அந்தக் கிழடுகளுக்குத் தெரியாது என்பது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் பில்லைத் தட்டினார் கணக்குப்பிள்ளை. பச்சைத் திரை 'கிணிங்' என்றது. எந்த எழுத்தும் திரைக்கு எண்ணாகத்தான் போகும்; தமிழ் எழுத்துக்காகப் போன எண்களில் ஒன்றை அது 'மணி அடி' என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டது! தங்கள் காட்டில் விளைந்த வத்தலைக் கொண்டுவந்திருந்த சம்சாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி கண்ணை மூடி நின்றார்.

மஞ்சள் திரையோ இன்னொரு எண்ணை 'இனி எழுத்து வேண்டாம், கோடு போடு' என்று எடுத்துக்கொண்டு, பில் முழுவதையும் கோடும் கட்டமுமாக வரைந்து தள்ளியது. மார்கழிக் கோலம் தோற்றது போங்கள். வெள்ளைத் திரையில் சாமி வரி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பிறாண்டிக் கிடந்தது. கோலத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளை, இதில் மிளகாய் எது, மூட்டை எது என்று விசாரித்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. பெங்களூர் பஸ் ஹாரன் அடிப்பது காதிலேயே கேட்டது. கூட்டாளி என் விலாவில் இடித்து, "மாப்ள, சாமியத் தரகர்ட்ட விடுறா" என்றான்.

அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்து திருத்தினேன். சாமி வரியும் இனித் தரகர் வழியாகத்தான். தமிழ் தெரியாத திரை என்றால் அதையே இங்கிலீஷ் எழுத்தில் காட்டு. மறுபடி தட்டினோம். மூன்றிலும் பில் பளிச்சென்று வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் முதலாளி கேட்டார்.

"மணி எங்க?"

அது பிழையில் வந்த மணி என்று விளக்கிப் பார்த்தேன். பிழையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், மணி வேண்டும் என்றுவிட்டார். சம்சாரிகளும் அதையே சொன்னார்கள். சரியென்று தரகருக்கு ஒரு வேலை கூடுதலாகக் கொடுத்தேன்: பில்லுக்கு ஒரு மணி அடி, மணி இல்லாத திரையாக இருந்தால் ஒருமுறை மின்னிக் காட்டு. பச்சையும் வெள்ளையும் கிணுங்கின. மஞ்சளுக்கு மணி கிடையாது. அது குப்பென்று திரை முழுக்க ஒளிர்ந்து அணைந்தது, ஆரத்தி காட்டுவதுபோல. மண்டியே கைகூப்பியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கப் பார்த்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்தி முற்றிவிட்டதாக நினைத்து ஒருவர் எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

மத்தியானம்வரை பில் நிற்காமல் ஓடியது. முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே, எழுமலையில் இருக்கும் தன் இன்னொரு கடைக்கும் இதையே போட வேண்டும், வருசா வருசம் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் தெருவுக்கு ஓடிப்போய்ப் பெங்களூருக்குப் போன் போட்டு, வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். கால் தரையில் பாவவில்லை. அடுத்து மனைவியின் பள்ளிக்கூட இடைவேளைக்குக் காத்திருந்து போன் போட்டேன். மணி, ஆரத்தி, திருநீறு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டி, போகவில்லை என்று முடித்தேன்.

"நேத்தே உங்க துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில அடுக்கிட்டேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "வந்து நீங்களே எடுத்து பீரோவுல வைங்க."

"வாரேன்" என்றேன். சொல்லும்போதே மதுரை பஸ்ஸைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தேன்.