யானை வந்துபோன முற்றம்

நெடுங்கேணிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாற்றலாகிப் போனபோது, காட்டோரத்தில் தனியாக வாழ்ந்த ஒரு அம்மாவின் வீட்டில் எனக்கு அறை கிடைத்தது. மெலிந்த உடம்பு, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும். விடிந்ததும் முற்றம் கூட்டுவார், பிறகு தண்ணீர் அள்ளுவார், அதற்குப் பிறகுதான் தேநீர். காய்ச்சல் நாளிலும் இந்த ஒழுங்கு மாறாது.

அயலில் ஒருவரை யானை அடித்துக் கொன்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒருநாள் விடியும் நேரத்தில் அது நாங்கள் சமைக்கும் குசினியின் சுவரையும் இடித்தது. நாங்கள் இருவரும் கட்டிலுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தோம். அதன் மூச்சு யன்னலுக்கு வெளியே கேட்டது. குசினிக்குள் இருந்த நெல்மூட்டையை இழுத்துக்கொண்டு அது காட்டுக்குள் போன பிறகும் என்னால் எழும்ப முடியவில்லை.

அம்மா எழும்பி விளக்குமாறை எடுத்தார்.

"இண்டைக்குமோ அம்மா கூட்டப் போறீங்கள்?" என்றேன்.

"ஓம் பிள்ளை. இண்டைக்கு விட்டனெண்டால் நாளைக்கும் எழும்ப மாட்டன். பயம் பாயோட கட்டிப்போட்டிடும். நீங்கள் போய்த் தண்ணி அள்ளுங்கோ."

"அது திரும்பி வந்தால்?"

"வரும்தானே. அதுக்குத்தான் சொல்லுறன், அள்ளுங்கோ."

காட்டைப் பார்த்துப் பார்த்து அள்ளினேன். இரண்டாவது வாளியில் காட்டைப் பார்க்க மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் யானையின் காலடிகளைக் கூட்டி அழித்துக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர், கை மட்டும் நிற்கவில்லை.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன்; அவர் இன்னும் அந்தக் காட்டோரத்தில்தான் இருக்கிறார். அதிகாலையில் தொலைபேசி அடித்தால், அந்த அம்மாவைப் பற்றிய செய்தியாக இருக்கக்கூடாதே என்று பதறிக்கொண்டுதான் எடுக்கிறேன்.