விழாத றாக்கை

எத்தனை நாள் விழாமல் இருந்தால், சுவரில் சாமான் வைக்கப் பொருத்திய ஒரு றாக்கை இனி விழாது என்று நம்பலாம்? உடுப்பிட்டியில் தச்சுவேலை செய்யும் ஓடாவி செல்வரட்ணம், தாம் பலகை பொருத்திக் கொடுத்த வீடுகளுக்கு எந்தக் காரியமாகப் போனாலும் முதலில் அந்தப் பலகையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். செத்த வீடென்றாலும் அப்படித்தான். துக்கம் விசாரிப்பது அதற்குப் பிறகு.

கனடாவிலிருந்து கைபேசியில் வரும் படங்களில் பலகைகள் காலும் கையும் இல்லாமல் சுவரில் நிற்கின்றன. சுவருக்குள் இறக்கிய இரண்டு இரும்புக் கம்பிகளில் பலகையைச் செருகிவிட்டால் தாங்கி வெளியே தெரியாது. கரவெட்டியில் அவர் அப்படிப் பொருத்திய முதல் றாக்கை ஒரு மத்தியானம் மணிக்கூட்டோடு விழுந்தது. கீழே யாரும் இல்லை. வீட்டார் சிரித்துக்கொண்டே வேறு மணிக்கூடு வாங்கினார்கள். செல்வரட்ணத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த தெரு சிவகௌரி அதே மாதிரி ஒன்று கேட்டார், மகள் தனுஷாவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் தொட்டிலுக்கு நேர் மேலே. செல்வரட்ணம் தடித்த கம்பி தேடிக் கடை கடையாக ஏறினார். சுவருக்குள் போகிற தாங்கி என்று கேட்டால் எல்லோரும் பலகைக்குக் கீழே வெளியில் தெரிகிற மூலைப் பிறக்கெற்றைத்தான் எடுத்துப் போட்டார்கள். கடைசியில் சாவகச்சேரியில் கிடைத்தது.

“தாங்கிறதை ஏன் அண்ணை ஒளிக்கிறியள், களவெடுத்ததே?” என்றார் கடைக்காரர். செல்வரட்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பி வந்தும் வேலை நடக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சுவர் துளைக்கக் கூடாது என்று சிவகௌரி மறித்துவிட்டார். ஆசுபத்திரியில் பிள்ளை பிறந்த செய்தி வந்த பிறகுதான் ட்றில் வீட்டுக்குள் போனது. வலப்பக்கத் துளை கல்லில் இறுக்கமாக இறங்கியது. இடப்பக்கத்தில் கொஞ்சம் போனதும் ட்றில் பொதுக்கென்று உள்ளே விழுந்தது.

“சண்டைக்குள்ளை உதிலை செல் வந்து பட்டதோ, தங்கச்சி?”

“ஓம் அண்ணை. வீடு திருத்தேக்கை மேசன்மார் அடைச்சுப் பூசினவை. எவடம் எண்டு இப்ப ஆருக்குத் தெரியும்?”

“மற்றச் சுவரிலை போடுவமே?”

“அங்கை யன்னல். பிள்ளைக்குப் பனிக்காத்து அடிக்குமெல்லே.”

பூச்சை உடைத்தார். உள்ளே ஓட்டுத் துண்டுகளும் வெறும் காற்றும். எல்லாவற்றையும் வாரிவிட்டுக் கல்லும் சீமெந்துமாகத் திணித்துக் கம்பியை இறக்கினார். பிள்ளை வீட்டுக்கு வர நாலு நாள்தான் இருந்தது. சீமெந்து நன்றாக இறுக அது காணாது.

பிள்ளை வருகிற அன்று விடியவே வந்து பலகையைச் செருகினார். குசினியிலிருந்து அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன்மேல் வைத்தார்.

“ஐயோ அண்ணை, பவுடர் ரின்னும் சட்டையும்தானே வைக்கப் போறன்! குழவியையும் கொண்டரட்டே?”

“கொண்டாங்கோ.”

பகிடிக்குச் சொன்ன சிவகௌரி உண்மையாகவே கொண்டுவர வேண்டியதாயிற்று. செல்வரட்ணம் குழவியையும் ஏற்றிவிட்டு, தொட்டிலை ஒதுக்கி, அது நின்ற இடத்தில் தலை வைத்து வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார்.

“உங்களுக்கென்ன விசரே? எழும்புங்கோ!”

அவர் எழும்பவில்லை. பலகையும் சுவரும் சேரும் கோட்டிலேயே கண் நின்றது. சிவகௌரி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி பக்கத்தில் ஆறியது. பூச்சில் மயிரளவு வெடிப்பும் விழவில்லை. அம்மி அசையவில்லை.

தாயையும் பிள்ளையையும் ஏற்றிவந்த வான் படலையில் நின்றது. செல்வரட்ணம் எழுந்து குழவியை இறக்கினார், அம்மியை இறக்கினார். பிறகு பலகையையும் கம்பிகளிலிருந்து உருவி வெளியே கொண்டுபோய்ச் சாத்தினார்.

“விழேல்லையே, அண்ணை!”

“ஓம், இண்டைக்கு விழேல்லை.”

 செல்வரட்ணம் சுவரில் துருத்தி நின்ற இரண்டு கம்பிகளிலும் பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொழுவினார். பிறகு தொட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து அவற்றின் கீழே விட்டார்.