எண்பத்தொரு டிகிரி கஞ்சி

எங்கள் அப்பா வெளிநாட்டில் வெயிலைக் குறைக்கிற வேலை பார்க்கிறார் என்று நான்காம் வகுப்பில் எழுந்து நின்று சொன்னவள் நான். டீச்சர் அன்று ஒவ்வொருவரிடமும் அப்பாவின் தொழிலைக் கேட்டுக்கொண்டு வந்தார். விவசாயம், கொத்து வேலை, டிராக்டர் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வரிசை என்னிடம் வந்து இடறியது. "அப்படின்னா நன்னிலத்துக்கும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லும்மா" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று நான் மெய்யாகவே பதில் சொன்னேன். கேட்பவர் கேனையாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நெய்யை வடித்தவர் அம்மா. அப்பாவின் வேலையை எனக்கு அப்படித்தான் அவர் விளக்கியிருந்தார்.

யோசித்தால் அது முழுப் பொய்யும் இல்லை. வளைகுடாவில் இருபது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், அப்பா ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். மேலே இருக்கிற ஒவ்வோர் அறையிலும் ஒரு சென்சார் உண்டு. எந்த அறை எத்தனை டிகிரி என்று அவருடைய திரையில் தெரியும். எண் ஏறினால் அலாரம் அடிக்கும். உடனே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அடைத்துக்கொண்ட வால்வையோ நின்றுபோன மின்விசிறியையோ சரிசெய்ய வேண்டும். இதையெல்லாம் அவர் லீவில் வந்திருந்தபோது சொன்னார். "அலாரம் அடிச்சா சாப்பாட்டுல கைய வச்சிருந்தாலும் ஒதறிட்டு ஓடணும் பாப்பா. அஞ்சு நிமிஷத்துல அந்த எடத்துல நிக்கணும்" என்றார். அவர் என்னிடம் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, முப்பது நாள் வருவார். முதல் பத்து நாள் எனக்கு அவரிடம் வெட்கமாக இருக்கும். அடுத்த பத்து நாள் பழகுவேன். கடைசிப் பத்து நாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே அலைவேன். நன்றாகப் பிடி கிடைக்கிற நேரத்தில் சட்டை விமானம் ஏறிவிடும். அதன் பிறகு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன். "சாப்ட்டியா? படிக்கிறியா? அம்மாகிட்ட குடு." என் பங்கு அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் பங்குனியில் அவர் வந்திருந்தபோது, தெற்குத் தெருவில் மூன்று கூரைகள் அடுத்தடுத்து எரிந்தன. எங்கள் வீடு மெத்தை வீடுதான். ஆனால் கொல்லைப் பக்கம் சமையல்கட்டுக்கு மட்டும் கீற்றுக் கொட்டகை. அப்பா அந்தக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவர் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வெளியே வந்தது. அதற்குள் ஒரு சிம் கார்டு. பெட்டியிலிருந்து நீளமான கறுப்பு ஒயர், ஒயரின் நுனியில் சுண்டு விரல் அளவுக்கு எவர்சில்வர் குழாய். அந்தக் குழாய்தான் சூட்டைப் பார்க்கும் கண் என்றார். கொட்டகையில் சூடு அளவுக்கு மேல் ஏறினால் பெட்டி அவருடைய போனுக்குச் செய்தி அனுப்பும். முப்பது நாள் லீவில் மூன்று நாளை அந்தப் பெட்டி விழுங்கியது. எனக்கு அதன்மேல் கோபமாகக்கூட இருந்தது.

அப்பா போன மறுவாரமே அந்தக் கோபம் போய்விட்டது. அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்து அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை, போன் அடிக்கிற நாளே இல்லை. அடித்தது. "என்ன, பொரிக்கிறியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அப்பா. சென்சாரை அடுப்புக்கு மிக அருகில் கட்டிவிட்டிருக்கிறார்! ஊரெல்லாம் அலாரம் பார்க்கிற ஆள் சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தார். பிறகு புதன்கிழமை மிளகாய் வறுத்தபோது அடித்தது. வியாழக்கிழமையும் அடித்தது. "ஒண்ணும் இல்லங்க, அடுப்புதான்" என்று அம்மா சொல்வார். ஆனாலும் பேச்சு அடுப்போடு நிற்காது. நானும் பிடுங்கிப் பேசுவேன். அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் அப்பளம் கொஞ்சம் அதிகமாகவே பொரித்தோம்.

அப்பா வேலையில் சுத்தமான ஆள். தப்பு தெரிந்தால் திருத்தாமல் இருக்க மாட்டார். சித்தப்பா நன்னிலம் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா சொன்னபடி அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சென்சாரை அடுப்புப் பக்கத்திலிருந்து அவிழ்த்து, கொட்டகையின் கடைசிக் காலில் கொண்டுபோய்க் கட்டினார். மிச்ச ஒயரைச் சுருட்டிக் காலிலேயே மாட்டினார். அளவையும் ஏற்றி வைத்தார். அன்றோடு அப்பளத்துக்கு வந்த போனெல்லாம் நின்றுபோயின.

பிறகு வைகாசி வந்தது. அங்கே வெயில் ஏறினால் அப்பாவுக்கு வேலை ஏறும். வெள்ளிக்கிழமைப் போனும் ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது. பள்ளிக்கூடம் லீவு. என் ஒரே தோழி பட்டுக்கோட்டையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். வயலில் கோடைப் பருத்தி வெடித்துக் கிடந்தது. காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் பருத்தி எடுக்கப் போனால் உச்சிப் பொழுதுக்குத்தான் திரும்புவார்கள். போனும் அம்மாவோடு போய்விடும். நான் வீட்டில் தனியாக இருப்பேன். சுவரில் அப்பாவின் போட்டோ இருந்தது. அதனோடு பேசிப் பார்த்திருக்கிறேன். அது சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அப்பா வேண்டும் போல இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒன்பது வயது மூளை ஒரு கணக்குப் போட்டது. கொஞ்சம் சூட்டுக்குப் போன் வந்தது. அப்படியானால் நிறைய சூட்டுக்கு ஆளே வர வேண்டும். அலாரம் அடித்தால் ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். வெளிநாடு என்பதால் வேண்டுமானால் பத்து நிமிடம் ஆகலாம்.

ஒரு நாள் அம்மாவின் தலை மறைந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுருட்டி மாட்டியிருந்த ஒயரை அவிழ்த்தேன். குழாய் தரை வரைக்கும் தாராளமாக இறங்கியது. வடித்த கஞ்சி பாத்திரத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. குழாயை அதற்குள் விட்டு, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓடிப்போய் முகம் கழுவி, பவுடர் போட்டு, அப்பா வாங்கி வந்த ஊதா கவுனை மாட்டிக்கொண்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் வழக்கம்போலக் கரண்ட் போய்விட்டது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அங்கே அப்பாவுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கொட்டகையில் எண்பத்தொரு டிகிரி என்று ஒரு செய்தி போயிருக்கிறது. அதோடு பெட்டி பேசுவதை நிறுத்திவிட்டது. இப்போது எத்தனை டிகிரி என்று திரும்பக் கேட்டு அனுப்பினால் பதில் இல்லை. கரண்ட் போனதென்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்? பெட்டியே எரிந்துவிட்டது என்று நினைத்தார். அம்மாவுக்கு அடித்தார்; போன் வரப்பில், காலைச் சாப்பாட்டுக் கூடைக்குள் கிடந்தது. அத்தைக்கு அடித்தார், அதுவும் அதே கூடையில். கடைசியில் சித்தப்பாவைப் பிடித்தார். "பாப்பா தனியா இருக்குடா" என்றுதான் முதலில் சொன்னாராம்.

நான் வாசலில் பத்து நிமிடத்துக்கும் மேலாகவே பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். அப்போது தெருக்கோடியில் மணியடித்துக்கொண்டு ஒரு பெரிய சிவப்பு வண்டி திரும்பியது. அதற்கு முன்னால் சித்தப்பாவின் பைக். எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு வண்டி வந்ததே இல்லை. நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். அப்பா எனக்காக எவ்வளவு பெரிய வண்டி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று கவுனை இழுத்துவிட்டுக்கொண்டேன். வண்டி எங்கள் வாசலில் நின்றது. காக்கி உடுப்பில் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆறு பேர் இறங்கினார்கள். பிறகு யாரும் இறங்கவில்லை. உள்ளே இன்னும் ஒருத்தர் இருப்பார் என்று வண்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

அதற்குள் தெருவே குடங்களோடு வந்துவிட்டது. தீ இல்லை என்று தெரிந்த பிறகும், தூக்கி வந்த தண்ணீரைத் திருப்பி எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு குடமாகக் கூரைமேல் வீசினார்கள். சோறு நனைந்தது. அடுப்பு குளமாயிற்று. வண்டியில் வந்த பெரியவர் ஒருவர் தட்டை எடுத்துக் கஞ்சிக்குள் பார்த்தார். ஒயரைப் பிடித்துத் தூக்கினார். என்னுடைய கவுனையும் பவுடரையும் பார்த்தார். "யாரும்மா செஞ்சது?" என்றார். நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அம்மா வரப்பு வழியே ஓடி வந்தார். மடியில் கட்டியிருந்த பருத்தி வழியெல்லாம் கொட்டியிருந்தது. அடி விழும் என்று கண்ணை மூடினேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதார். அதற்கு அடியே விழுந்திருக்கலாம்.

சித்தப்பா கொல்லையில் தள்ளி நின்று அப்பாவிடம் பேசினார். பிறகு போனை என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் யாரோ வேறு பாஷையில் அவசரமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்லப்பா."

"வீட்டுல ஒண்ணும் ஆவலியே?"

"இல்லப்பா. நாந்தான் கஞ்சில விட்டேன்." இனி எதையும் மறைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வண்டி, குடம், அம்மாவின் அழுகை எல்லாம் என் பொய்யால் வந்தவை. அப்பாவிடமாவது உண்மையாக இருக்க வேண்டும்.

அப்பா திட்டவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கூரைல எங்கயும் கருகலியா? கொஞ்சூண்டு?" என்றார்.

"ஒரு கீத்துகூட எரியலப்பா" என்றேன். அவர் பயம் தீரட்டும் என்று அழுத்தமாகவே சொன்னேன்.

"சரி" என்றார். "சாப்ட்டியா?"

அந்தப் போனுக்கு முன்னால் அங்கே நடந்ததைச் சித்தப்பா எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். வீட்டில் தீ என்று அப்பா மேலதிகாரியிடம் ஓடியிருக்கிறார். அவர் இரக்கப்பட்டு அவசர லீவில் கையெழுத்துப் போட்டு, நிர்வாகத்திடம் இருந்த பாஸ்போர்ட்டை வரவழைத்துக் கையில் கொடுத்துவிட்டாராம். சாயங்கால விமானத்தில் இடம். என்னோடு பேசி முடித்த பிறகு, அப்பா அந்தப் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு அடித்தளத்துக்கு இறங்கிப் போயிருக்கிறார். அடுத்த முறை அவர் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. வெட்கம் தெளியவே இருபது நாள் ஆனது.

சித்தப்பா சொன்னபோதுகூட, அப்பாவுக்கு அலைச்சல் மிச்சம் என்றுதான் நினைத்தேன். டிப்ளமா முடித்து, தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் நானும் அதே வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கும் ஜன்னல் இல்லை. நாள் முழுக்க எண்கள்தான். மேலே அத்தனை மாடியிலும் மனிதர்கள் நடக்கிறார்கள், பேசுகிறார்கள் என்பதே அறைகளின் சூடு ஏறி இறங்குவதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். சேர்ந்த நான்காம் மாதம் ஒரு மத்தியானம், மூன்றாம் மாடி அறை ஒன்றில் இருபத்தெட்டு என்று அலாரம் வந்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அங்கே போன் போட்டேன். கதவு திறந்திருந்தது, மூடியாயிற்று, இப்போது ஜில்லென்று இருக்கிறது என்றார் போனை எடுத்த நர்ஸ்.

"நெசமாவா சிஸ்டர்? கொஞ்சங்கூட சூடு இல்லயா?"

"இல்லவே இல்லங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிப் போனை வைத்தார்.

பையை மாட்டியபடியே நின்றேன். மேலே போக எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது கைநழுவிப் போகிறதே என்ற குரலில்தான் நான் சிஸ்டரிடம் கேட்டிருந்தேன். அந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கூரை கருகவில்லையா என்று அப்பா அன்று பயந்துபோய்க் கேட்கவில்லை. ஒரே ஒரு கீற்று கருகியிருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், மறுநாள் விடியும்போது வீட்டு வாசலில் நின்றிருப்பார். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.