எக்சில்டா அத்தை வீட்டில் யார் இறந்தது?

என் அத்தை எக்சில்டா பள்ளிச் சீருடை தைத்தே ஒரு வீடு கட்டினாள். கட்டினாள் என்று சொல்வதுகூடச் சற்று அதிகம்தான். எங்கள் சிலுவாங்கா நகரில் யாரும் வீட்டைக் கட்டி முடிப்பதில்லை, கட்டிக்கொண்டே குடியிருப்பார்கள். ஒரு மழைக்காலத்துக்கு முன்பு அடித்தளம். கை நிறைய தையல் வந்த வருடம் சுவர். பிறகு தகரக் கூரை. ஜன்னல் வர வேண்டிய ஓட்டையில் பல காலம் உரச் சாக்கு தொங்கும். அத்தை வீட்டில் இன்னும் ஒரு சாக்கு தொங்குகிறது.

நிலத்தைக் கொடுத்தது நகராட்சி. கவுன்சிலரே நேரில் வந்து நான்கு மூலையிலும் முளை அடித்துக் காட்டினார். "பனா கசோண்டே, சீக்கிரம் அடித்தளம் போட்டுருங்க. வெறும் மண்ணா கிடந்தா எவனாவது வந்து போட்டுட்டுப் போயிருவான்" என்றார். பனா கசோண்டே என்றால் கசோண்டேயின் தாய். மகன் பிறந்த நாளிலிருந்து அவளை எக்சில்டா என்று கூப்பிட எங்கள் குடும்பத்தைத் தவிர ஆளில்லை.

பூச்சு வேலை முடிந்த வருடம் அதே நகராட்சி ஆட்கள் வந்து முன்சுவரில் சிவப்புச் சாயத்தால் ஆள் உயரத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். திட்ட வரைபடத்தில் அந்த இடம் சாலையாம். அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் குறி விழுந்தது. அத்தை நகராட்சிக்கு ஓடினாள்.

"எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. நிலம் பிரிச்சுக் குடுத்ததுல குளறுபடின்னு தலைநகரத்துலேந்து எங்களையே விசாரிச்சுட்டிருக்காங்க. அமைச்சகத்துலதான் கேக்கணும்."

பேருந்து ஏறி அமைச்சகத்துக்குப் போனாள். அங்கே ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நாங்க நகராட்சிய மேற்பார்வை பாக்கறதோட சரி. இடிக்கறதும் விடறதும் அவங்க வேலை."

"மேற்பார்வைன்னா என்னடி?" என்று அத்தை எனக்குப் போன் செய்து கேட்டாள். அப்போது நான் வெகு தொலைவில், ஒரு துறைமுக ஊரில் இருந்தேன்.

"மேலேந்து பாக்கறது, அத்தை."

"அப்போ அவங்களுக்கு என் கூரை மட்டும்தான் தெரியும். சுவத்துல போட்ட குறி எப்படித் தெரியும்?"

 

குறியின் கீழே இடிக்கும் தேதியையும் எழுதியிருந்தார்கள். அந்தத் தேதி வந்து போனது, யாரும் வரவில்லை. வேறு தேதி எழுதினார்கள், அதுவும் போனது. மூன்றாவது தேதி எழுதியபோது தெருவே சிரித்தது. குறிமேல் துணி காயப்போட்டார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தேதி சொன்னால் அந்தத் தேதிக்குச் சீருடை கொடுத்துப் பழகியவள் அவள்; பிறரும் அப்படியே என்று நம்புகிறவள்.

அந்த மூன்றாம் தேதி காலையில் வழியோடு போன இரண்டு கூலியாட்களைக் கூப்பிட்டு சோபா, கட்டில், தையல் இயந்திரம், பாத்திரம் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கினாள். கதவையும் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். வீடு போனாலும் கதவு மிஞ்சட்டும் என்று. பிறகு கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமென்று நகராட்சிக்கு நடந்தாள். இதையெல்லாம் பிறகு அவளே எனக்குச் சொன்னாள்.

அவள் அந்தப் பக்கம் போக, கரி விற்கும் பனா லொம்பே இந்தப் பக்கம் வந்தாள். சோபா வெளியே கிடக்கிறது. கட்டில் வெளியே கிடக்கிறது. எங்களிடையே இதற்கு ஒரே பொருள்தான்: பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுவதற்காக உள்ளே இடம் ஒழித்திருக்கிறார்கள். துக்க வீட்டு வாசலில் நின்று யார் போனது என்று கேட்பது நாகரிகமில்லை. முதலில் அழ வேண்டும், உட்கார வேண்டும். பெயர் தானாகக் காதில் விழும். பனா லொம்பே இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து ஒரு குரல் எடுத்தாள். தெருவே கேட்டது.

இடிக்கும் தேதியைக் கேள்விப்பட்டு ஊர் வந்து சேர்ந்த நான் பையோடு தெருத் திருப்பத்தில் நுழைந்தபோது முற்றத்தில் ஆண்கள் துக்க நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள். வாசலில் மக்காச்சோள மாவு மூட்டைகள்.  அத்தைதான் போய்விட்டாள், அந்தக் குறி அவளைக் கொன்றுவிட்டது என்று நினைத்துக் கதறிக்கொண்டே உள்ளே விழுந்தேன்.

"பாத்தீங்களா, கடல் தாண்டிப் போன பொண்ணே வந்துட்டா" என்றாள் ஒருத்தி. "அப்ப நெருங்கின உறவுதான்."

"யாருன்னு சொன்னாங்களா?"

"ஷ்ஷ்! அந்தப் பொண்ணுக்குத் தெரியும். பாரு எப்படி அழறா!"

எனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்களுக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன்.

வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. அத்தை! நான் வாயைப் பிளந்தேன். அவளோ எங்களைப் பார்த்தாள், நெருப்பைப் பார்த்தாள், தரையில் கிடந்து அழுத என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"என் கசோண்டே!" என்று அப்படியே மண்ணில் சரிந்தாள்.

அவளுக்கு இருப்பது ஒரே மகன். வடமேற்கே சுரங்கத்தில் வேலை. இவ்வளவு பேர் கூடி அழ அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பெயர் கிடைத்துவிட்டது. கூட்டம் இப்போது மனம்விட்டு அழுதது.

அந்த நேரத்தில்தான் மஞ்சள் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. முன்னால் நகராட்சிக் கட்டட மேற்பார்வையாளர் சிம்பேயே நடந்து வந்தார். முற்றத்தைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். உறுமல் நின்றது. ஓட்டுநர் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார், சிம்பேயேயும் தன்னுடையதைக் கழற்றினார். இருவரும் நெருப்பருகே போய் ஆண்களோடு உட்கார்ந்து நெருப்பில் கை காட்டினார்கள்.

"யாரு?" என்று சிம்பேயே மெல்லக் கேட்டார்.

"கசோண்டே. சின்ன வயசு."

"ஐயோ." தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நான் இவங்க வீட்டை இடிக்க வந்தேன்."

"தெரியும் ஐயா. விறகைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க."

உள்ளே பனா லொம்பேயின் இடுப்புத் துணி முடிச்சில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவள் அதைத் தூக்கி எறிந்தாள்.

"செத்தவன் கூப்பிடறான்! ஏசுவே!"

போன் என் மடியில் வந்து விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் தேம்பிக்கொண்டிருந்தது. "பனா லொம்பே அத்தே, எங்கம்மா போயிட்டாங்கன்னு தெருவுலேந்து போன் வந்துச்சே? எப்போ? நான் வண்டி ஏறிட்டேன்."

"கசோண்டே, உங்கம்மா இங்கதான் இருக்காங்க. நீதான் செத்துட்டே" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

போனை அத்தையிடம் கொடுத்தேன். அவள் மகன் குரலைக் கேட்டாள். திரும்பத் திரும்ப, "பேசு, பேசு, ஏதாவது பேசு" என்றாள். அழுகை ஒவ்வொரு வாயாக நின்றது.

பனா லொம்பேதான் முதலில் தெளிந்தாள். வாசல் வழியே இயந்திரத்தை எட்டிப் பார்த்தாள். அத்தையின் தோளை அழுத்தினாள்.

"அக்கா, சத்தம் போடாதே. வெளிய அவங்க உக்காந்திருக்காங்க. துக்க வீட்டுல ஒரு செங்கல்ல கை வைக்க மாட்டாங்க. நாங்க அழறோம். எத்தனை நாளானாலும் அழறோம். அழறது எங்களுக்கு என்ன புதுசா?"

"பொணம் எங்கேன்னு கேட்டா?"

"சுரங்கத்துலேந்து வருதுன்னு சொல்லுவோம். ரோடு சரியில்ல, லேட்டாகும்."

பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி உடனே குரலெடுத்தும் விட்டாள். அத்தை பூச்சு வழவழத்த சுவரைக் கையால் தடவினாள். எத்தனை பாவாடை மடிப்பு, எத்தனை சட்டைக் காலர் அந்தச் சுவர்! நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டென்று எழுந்து, கதவில்லாத வாசலில் போய் நின்றாள்.

"எல்லாரும் எழுந்திருங்க. என் மகன் உயிரோட இருக்கான். உயிரோட இருக்கற பிள்ளைக்கு என் வீட்டுல யாரும் அழக்கூடாது. ஐயா சிம்பேயே, இங்க யாரும் சாகல. நீங்க உங்க வேலையப் பாருங்க."

பனா லொம்பே தலையில் அடித்துக்கொண்டாள்.

சிம்பேயே எழுந்தார். தலைக்கவசத்தைக் கையிலேயே திருப்பிக்கொண்டிருந்தார்.

"யாருமே சாகலையா?"

"யாரும் இல்ல."

"அப்ப நான் எதுக்கு உக்காந்தேன்?"

 அவர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் வேகமாகத் தலையை அசைத்தார்: "சார், துக்கம்னு நம்பி நான் இந்த நெருப்புல கை காட்டிட்டேன். இன்னைக்கு இந்த வீட்டை நான் தொடமாட்டேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"நாளைக்கு வரேம்மா" என்றார் சிம்பேயே. மன்னிப்புக் கேட்பது போலவும் இருந்தது, மிரட்டுவது போலவும் இருந்தது.

துக்கத்துக்கு வந்த மாவைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது என்றார்கள் சிலர். துக்கமே இல்லையே என்றார்கள் சிலர். முடிவில் பெரிய பானையில் களி கிண்டி, காய்ந்த சிறுமீன் குழம்போடு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை வானொலியில் செய்தி வந்தது: சிலுவாங்கா நகராட்சியிடமிருந்து திட்ட அனுமதி அதிகாரம் முழுவதையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அன்று சிம்பேயே வந்தார். இயந்திரம் வரவில்லை, சைக்கிள்தான்.

"இப்ப என் வீடு என்ன ஆகும் ஐயா?"

"இடிக்கற அதிகாரம் எங்களுக்கு இல்லம்மா."

"அப்ப குறிய அழிச்சிரலாமா?"

"அழிக்கற அதிகாரமும் எங்களுக்கு இல்ல. தலைநகரத்துலேந்து ஆள் வரணும். எப்போன்னு எனக்குத் தெரியாது. நான் இப்ப என்ன வேலையில இருக்கேன்னே எனக்குத் தெரியல."

அத்தை அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மேகம் திரண்டிருந்தது. நாங்கள் கட்டிலை உள்ளே தூக்கினோம், தையல் இயந்திரத்தைத் தூக்கினோம். சாலையா வீடா என்று தெரியாத இடத்தில் சோபாவை எங்கே போடுவது என்று அத்தை நின்று நின்று யோசித்தாள். கடைசியில் கதவு மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. அத்தை திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு, "பிடிடி" என்றாள். நான் பிடித்தேன்.

"மாட்டலாமா அத்தை? யார்கிட்டயாவது கேக்கணுமோ?"

அவள் ஒரு திருகாணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"கதவுக்கெல்லாம் கேக்க வேண்டாம்" என்றாள். இரண்டு திருப்பு திருப்பிவிட்டு நிறுத்தினாள். "வேண்டாம்னுதான் நினைக்கறேன். கசோண்டே ராத்திரி வர்றான். வந்து தட்டறதுக்கு ஒரு கதவு வேணுமில்ல?"