பத்தாம் கட்டையில் பஸ்ஸை நிறுத்தியவர்

ஜெமீல் சேரின் மரணச் செய்தியைப் புத்தளத்திலிருந்து கல்பிட்டிக்குப் போகும் முதல் பஸ்தான் எங்களுக்குக் கொண்டுவந்தது. ஆட்கள் ஏறியதும் மணியை அடித்துவிட்டுப் போகிற கொண்டக்டர் அன்று இறங்கி வந்து, தென்னோலைக் கிடுகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஹவ்வா ராத்தா, சேர் விடிய சுபஹோட மவுத்தாகிட்டாரு. ழுஹருக்குப் பொறகு எத்தாளைக்குக் கொண்டு போறாங்களாம்" என்றார். சாரதி எஞ்சினை அணைத்தார். அந்தப் பஸ்ஸை அணைத்தால் தள்ளித்தான் எடுக்கவேண்டும் என்பது இந்த றோட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஆண்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எத்தாளையில் வெங்காயத் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். கொழும்புக்குப் போய், ஒரு பட்டணத்தில் றோட்டு எங்கே வரவேண்டும், பஸ் எந்த நேரம் எந்த வழியால் ஓடவேண்டும் என்று திட்டம் போடுகிற படிப்பைப் படித்தவர். அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவரால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. புத்தளத்தில் போக்குவரத்துத் திட்ட அலுவலராக இருந்தார். மெலிந்த மனிதர். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். கந்தோரில் கொடுத்த அரசாங்க வாகனத்தில் போகாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார்.

அவர் வேலைக்கு வந்த காலம் சண்டையில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் முஸ்லிம் சகோதரங்கள் உடுத்த துணியோடு வந்து சேர்ந்த காலம். பாலாவிச் சந்தியிலிருந்து இந்தப் பக்கம் றோட்டின் இரண்டு கரையிலும் ஓலைக் கொட்டில்கள் முளைத்தன. எங்கள் ஊரான பத்தாம் கட்டையிலும் தென்னந்தோப்பு முழுக்க முகாம். ஆட்கள் இரண்டு மடங்கு ஆனார்கள். பஸ் மட்டும் பழைய பஸ்தான். ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் புத்தளம் டவுனில். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கேதான் போகவேண்டும். வழியில் சோதனைச் சாவடி வேறு. இறங்கி, நடந்து, மறுபடி ஏறவேண்டும்.

எங்கள் பெண்கள் றோட்டில் நின்று பஸ் பார்ப்பதில்லை. என் வீட்டு வளவு றோட்டோடு ஒட்டியது. ஊர்ப் பெண்களும் முகாம் பெண்களும் வேலிக்கு உட்பக்கம் என் மாமரத்தடியில் நிற்பார்கள். பஸ் மதகடிக்கு வந்ததும் சாரதி ஹோன் அடிப்பார். அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டு வெளியே போய் ஏறுவார்கள்.

ஒரு நாள் காலையில் முன்பின் தெரியாத மூன்று இளந்தாரிகள் எழுதுமட்டையும் பேனையுமாக மதகில் வந்து உட்கார்ந்தார்கள். வருகிற போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். அந்த வருஷங்களில் ஒருவர் ஆட்களைப் பார்த்து எழுதினால் என்ன பயம் வரும் என்று அன்று இருந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வேலிக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று கிழமையில் எங்கள் பஸ் தரிப்பிடத்துப் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். ஹோனும் இல்லை, நிறுத்தலும் இல்லை. பஸ் புழுதியை அள்ளிப் போட்டுவிட்டுப் போனது. அடுத்த தரிப்பிடம் ஒரு மைல் கட்டைக்கு அப்பால், ஆண்கள் கூடுகிற கடைத்தெருவில், சாவடிக்குப் பக்கத்தில். என் மகள் நஸ்ரா அப்போது டவுனில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு இன்னும் ஆறு பிள்ளைகள். என் புருஷனின் அண்ணன், மூத்த நானா, வீட்டுக்கு வந்து, "பொம்புளப் புள்ள கடத்தெருவுல நிண்டு படிச்சிக் கிழிக்கத் தேவல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் மவுத்தாகிவிட்டார். அந்தச் சொல்லை நான் இன்னும் விடவில்லை. நஸ்ரா வெள்ளைச் சீருடையை மடித்து அலுமாரியில் வைத்தாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைத்தெருவரை நடந்து, பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து ஜெமீல் சேருடைய கந்தோருக்குப் போனேன். சுவர் முழுக்க வரைபடம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கேட்க வந்ததைக் கேட்கத் தெரியும்.

"தம்பி, நீங்கதானா பத்தாம் கட்டைய அழிச்சது?"

"உக்காருங்க ராத்தா" என்று கதிரையைத் தள்ளினார். கோபப்படாமல் விளக்கினார். புது பஸ் கேட்டால் சண்டைக் காலம், இல்லை என்கிறார்கள். இருக்கிற பஸ்ஸை வைத்துத்தான் இத்தனை சனத்தையும் ஏற்றவேண்டும். ஆள் குறைந்த தரிப்பிடங்களைக் குறைத்தால், மிச்சமாகும் நேரத்தில் அதே பஸ் காலையில் இன்னொரு தடவை ஓடும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"எங்கட தரிப்பிடத்தில எத்தின பேர் நிண்டதாம்?"

கடதாசியைப் பார்த்தார். "ரெண்டு பேர்."

"வெத்திலக் கூடையோட நிண்ட ரெண்டு கிழவனையும் எண்ணியிரிக்கீங்க. வேலிக்குள்ள நிண்ட நாப்பது பேரும் என்ன, ஆடா?"

அவர் பேனையை வைத்தார். "வேலிக்குள்ள எண்டா?" என்று கேட்டார். எத்தாளையில் பிறந்த மனிதர், அவருடைய உம்மாவும் ராத்தாமாரும் அப்படி ஒரு வேலிக்குள் நின்றுதான் பஸ் ஏறியிருப்பார்கள். அதைக் கேட்டேன். அவர் முகம் கறுத்துப்போனது.

மறுநாள் காலையில் குடையோடு வந்து படலைக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னார். உள்ளே வரச் சொன்னேன். பெண்கள் ஒதுங்கினார்கள். அவர் கதிரையை வேலிப் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, கிடுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நஸ்ராவிடம் கொப்பியைக் கொடுத்து, யார் யார், எங்கே போக, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதச் சொன்னார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு முகாமில் இருந்த கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, கிளினிக் எட்டு மணிக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்றாள். அதோடு எல்லோரும் தொடங்கிவிட்டார்கள். உப்பளத்துக்குப் போகிறவள், வெங்காயம் கிண்டப் போகிறவள், சந்தைக்குப் போகிறவள். அடுத்த பஸ் இல்லாததால் இரண்டு மணித்தியாலம் முந்திப் போய்ச் சும்மா நிற்கிறவர்கள்தான் பாதிப்பேர். "கிடுகோடயே கதைக்கிறாரே, எங்களப் பார்த்தா பேயா தெரியுதா" என்று ஒரு கிழவி சொன்னாள். வேலியைப் பார்த்தபடியே சிரித்தார்.

ஆனால் பலகையைப் பிடுங்க மூன்று கிழமை எடுத்தது, திருப்பி நட மாதங்கள் எடுத்தது. மேலே இருந்தவர்கள், கணக்கெடுத்த பிறகு வேலிக்குள்ளிருந்து ஆட்கள் முளைத்தார்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அதற்குள் நஸ்ராவின் உயர்தரச் சோதனை வந்து போய்விட்டது. பலகை நட்ட அன்று அவரே வந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்: "பஸ் நிக்கிது, சந்தோஷம். என்ட புள்ளைட ஒரு வருஷத்த நான் மன்னிக்கமாட்டன்."

"மன்னிக்க வேணாம் ராத்தா" என்றார். "ஆரும் ஒராள் ஞாபகம் வச்சிரிக்கோணும்."

அதற்குப் பிறகு அவர் போட்ட திட்டத்தை இந்த றோட்டு முழுவதும் அனுபவித்தது. நஸ்ராவையும் அவளைப் போன்ற பிள்ளைகளையும் ஒவ்வொரு முகாமுக்கும் தாய்மாரோடு அனுப்பி, வேலிக்கு உள்ளேயிருந்து கணக்கெடுக்க வைத்தார். பள்ளிக்கூட நேரமும் சந்தை நேரமும் மோதாமல் பஸ்ஸைப் பிரித்தார். டவுனுக்குள் போகும் பஸ்ஸை, ஸ்டாண்டுக்கு வருமுன் ஆஸ்பத்திரி வாசலைச் சுற்றிப் போக வைத்தார். இன்னொரு பெரியவர் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு அதையெல்லாம் தன் யோசனை என்று சொன்னார். அவர் பெயரை நான் எழுதவில்லை. வாசித்தால் அவருக்கே தெரியும். ஜெமீல் சேர் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து கை தட்டினார். அதற்கும் நான் அவரை ஏசினேன்.

நஸ்ரா அடுத்த வருஷம் சோதனை எழுதிப் பாஸானாள். இன்று மதுரங்குளியில் படிப்பிக்கிறாள். இரண்டு பிள்ளைகள்.

போன நோன்புக்கு முந்திய மாதம் சேர் கடைசியாக வந்தார். சிறுநீரக வருத்தத்தால் முகம் வீங்கியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்க இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. மாமரத்தடியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். இதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. இத்தனை வருஷமும் சொல்லாததைச் சொன்னேன். அந்த இளந்தாரிகள் மட்டையோடு வந்த அன்று, பெண்களை ஒளிக்கச் சொன்னது நான்தான். பேர் எழுதிப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தலை காட்டவேண்டாம் என்று சொல்லி எல்லோரையும் பின்வளவால் அனுப்பிவிட்டேன். ஹோன் அடித்தும் அன்று ஒருத்தியும் ஏறவில்லை. பஸ் கதவடியில்கூட இரண்டு கிழவர்களைத் தவிர அவர்கள் காண யாரும் இருக்கவில்லை. நஸ்ராவின் ஒரு வருஷம் போனதில் என் கையும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டுதான் அவரோடு இவ்வளவு காலமும் சண்டை பிடித்தேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும் ராத்தா. கொப்பி எழுதின அண்டைக்கே நஸ்ரா சொன்ன."

"தெரிஞ்சுமா என்ட ஏச்சக் கேட்டுக்கொண்டு இருந்த?"

"எண்ண வாற ஆளக் கண்டு சனம் ஒளிக்கிதெண்டா, அது எண்ண வந்தவன்ட பிழை. நான் வந்து முதல்ல பேரச் சொல்லியிரிக்கோணும். ஒங்கட ஏச்சு எனக்குச் சேர வேண்டியதுதான்."

இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்று கேட்டேன். சீனி கூடாது என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னார். அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் ஜனாஸாவோடு அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. அவர் மவுத்தான அன்று மதியம் ழுஹர் தொழுதுவிட்டு வளவுக்கு வந்தேன். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஊர்ப் பெண்கள், முகாமில் இன்னும் மிஞ்சியிருக்கிற பெண்கள், அன்று கிளினிக் கதை சொன்னவள், அவள் தோளுக்கு வளர்ந்த மகள், எல்லோரும் மாமரத்தடியில் நின்றார்கள். நஸ்ரா பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள். மதகடியில் ஜனாஸாவைக் கொண்டுவரும் வாகனத்தின் சத்தம் கேட்டது. அவள்தான் படலையைத் திறந்தாள். நாங்கள் வெளியே போய் றோட்டுக் கரையில், பலகைக்குப் பக்கத்தில், ஒரு வரிசையாக நின்றோம். வாகனம் எங்களுக்கு முன்னால் நின்றது. ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எத்தாளைப் பக்கம் மெல்லப் போனது.

மன்னிக்கமாட்டேன் என்று சொன்ன அதே இடத்தில் நின்றுகொண்டு, அல்லாஹ் அவர் அடங்கப்போகும் கப்றை வெளிச்சமாக்கி வைக்கவேண்டும் என்று துஆ கேட்டேன். தம்பி, பத்தாம் கட்டை முழுவதும் உங்களுக்கு ஸலாம் சொல்கிறது.

வாகனத்துக்குப் பின்னால் கல்பிட்டி பஸ் வந்தது. இத்தனை பெண்கள் நிற்பதைக் கண்டு சாரதி பஸ்ஸை நிறுத்தினார். ஏற ஒருவரும் இல்லை. போங்கள் என்று கையைக் காட்டினேன்.