குணவதி விட்ட கோல்

சென்ற ஞாயிறன்று சைனிக்புரியில் என் அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் ஏதோ ஹாக்கிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி மட்டையை ஓங்கினாள், இன்னும் அடிக்கவேயில்லை. அதற்குள் எதிரணிக் கோல்கீப்பர் இடப்புறம் பாய்ந்து, புல்லில் உருண்டு, தலையிலும் அடித்துக்கொண்டுவிட்டாள். அதன் பிறகுதான் பந்து நிதானமாக வந்து சேர்ந்தது. நான் சிரித்த சிரிப்பில் காபி புரையேறிற்று.

"பாட்டி! இட்ஸ் எ சேட் சீன், யார்!" என்று, சோகக் காட்சியில் சிரித்ததற்காகக் கடிந்துகொண்டாள் அண்ணன் பேத்தி. அவளுக்குத் தமிழ் புரியும், வாய்க்கு இங்கிலீஷும் இந்தியும்தான் வரும்.

புரையேறிய மூக்கில் காபி மணத்தையும் மீறி எங்கிருந்தோ ஒரு வாடை எழுந்தது: ஈரத்தோலும் வலித்தைலமும் கலந்த வாடை. குணவதியின் கால்கவசங்களின் வாடை அது. மௌலா அலி ரயில்வே காலனியில் அவள் அவற்றை வெயிலில் காயவைத்தால் அன்று அந்தப் பக்கம் எவரும் துணி உலர்த்தமாட்டார்கள்.

குணவதி எங்கள் பணிமனை மகளிர் ஹாக்கி அணியின் இலக்குக் காவலர். அப்படி எழுதத்தான் எனக்கு ஆசை. அவள் காதில் விழுந்தால் மட்டையோடு வருவாள். ஆகவே கோல்கீப்பர் என்றே இருக்கட்டும். அரக்கோணத்துக் குடும்பம்; பிறந்து வளர்ந்தது மௌலா அலியில். நான் தற்காப்பு ஆட்டக்காரி. அவள் பார்வையை மறைக்காமல் ஒதுங்கி நிற்பதே நான் அணிக்கு ஆற்றிய பெருந்தொண்டு.

"பந்த எதுக்குடி பாக்குற? அடிக்கிறவ கண்ணப் பாரு. எங்க அடிக்கப் போறாளோ அங்கதான் போகும்" என்பாள். அந்த ஒரு வித்தையால் அவளைக் கடந்து பந்து போவது அபூர்வமாயிருந்தது.

அப்போதுதான் எங்கள் மைதானத்துக்கு ஒரு தெலுங்குப் படக்குழு வந்தது. எதிரணியாக நிற்க எங்களையே கேட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு பவுடர் டப்பாவைத் தீர்த்துவிட்டுப் போய் நின்றோம். கதாநாயகி சென்னைப் பெண். மெலிந்த உடல், பெரிய கண்கள். மட்டை பிடிக்க மாதக்கணக்காகப் பயின்று கைகளில் கொப்புளம் கண்டிருந்தது. கடைசிக் காட்சி பெனால்டி: குறுக்கே எவரும் இல்லை, அவள் அடிக்க வேண்டும், குணவதி தவறவிட வேண்டும்.

அவள் அடித்தாள். குணவதி தடுத்தாள். மீண்டும் அடித்தாள். மீண்டும் தடுத்தாள்.

"வதிலேயண்டி அம்மா, வதிலேயண்டி!" என்று பந்தை விட்டுவிடச் சொல்லி இயக்குநர் கைகூப்பினார்.

"விடுறதுக்கா சார் என்ன நிக்க வெச்சிருக்கீங்க?" என்றவள், என்னிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "விடணும்னுதான்டி நெனைக்கிறேன். கால் தானா போவுது. அதோட நம்ம காலனி மொத்தமும் தியேட்டர்ல உக்காந்து பாக்கும். கோல் விட்டவன்னு பேர் எனக்கு வேணாம், நக்கோ!"

வெயில் மஞ்சளித்தது. மறுநாள் மைதானம் கிடைக்காது. இயக்குநர் பொறுமையிழந்தார்: இன்னுமொரு முறை தடுத்தால், சண்டைக் கலைஞர் ஒருவருக்குச் சவுரியும் பாவாடையும் மாட்டிக் கோலில் நிறுத்திவிடப் போவதாக அறிவித்தார். மீசைக்காரரான அக்கலைஞர் முகம் வெளிறிவிட்டது. குணவதிக்கும்தான்.

அப்போது கதாநாயகி நேராக அவளிடம் நடந்து வந்தாள். "அக்கா, நீங்க விட வேணாம். நெஜமாவே புடிங்க. நான் நெஜமாவே அடிக்கிறேன்."

"வாம்மா, வா" என்றாள் குணவதி, கையுறைகளைத் தட்டிக்கொண்டு.

கேமரா ஓடியது. அந்தப் பெண் வலது மூலையைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது போதாது. கண்ணும் கழுத்தும் தோளும் மூச்சும் அந்த மூலைக்கே குடிபோய்விட்டன. அங்கே அவளுடைய எதிர்காலமே நிற்பதுபோல் கண்கள் நிறைந்து பளபளத்தன. குணவதி அந்தப் பக்கம் பாய்ந்தாள். பந்து இடது மூலையில், அவசரமேயின்றி, உருண்டு உள்ளே போயிற்று.

"அடிப்பாவி! கண்ணுலயே பொய் சொல்றியே!" என்று அலறினாள் குணவதி.

"அதுதான் அக்கா என் தொழில்" என்றாள் அவள். இருவரும் கட்டிக்கொண்டு சிரித்ததில் பவுடர் இடம் மாறியது.

படம் வந்தபோது காலனியே திரண்டு போனது. கெட்டிக்கார இயக்குநர் குணவதி தடுத்தவற்றையெல்லாம் கதாநாயகி காணும் கெட்ட கனவுகளாக்கியிருந்தார். ஒவ்வொரு கனவுக்கும் விசில் கூரையைப் பிளந்தது. கோல் விழுந்ததும் கதாநாயகிக்குக் கைதட்ட ஒருவருமில்லை. திரையில் குணவதியின் ஏமாந்த முகம் விரிந்தது. இயக்குநர் சொல்லிக்கொடுத்து வராத முகம். "நடிகைன்னா எங்க குணாதான்!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கூவினார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தவள் ஒற்றைக் கண்ணால் எட்டிப்பார்த்தாள். அந்தத் திரையில் என் இடது முழங்கையும் நடித்திருந்ததை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை.

இன்று அந்தத் திரையரங்கு இருந்த இடத்தில் செருப்புக்கடையும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. மைதானத்தில் அடுக்குமாடிகள். படத்தின் பிரதி எங்கும் அகப்படவில்லை. அண்ணன் பேத்தி தன் கைப்பேசியில் தேடி அலுத்துவிட்டாள். போன மாதம் குணவதியைப் பார்க்கப் போனேன். அவள் தன் பேரனுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் கடைசிப் பந்தையும் தடுத்துவிட்டிருந்தாள். பையன் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தான். உலகில் மீந்திருக்கும் ஒரே சாட்சியாகிய நான், முகத்தில் சிரிப்பு வராமல், "ஹவ், ஆமா, நானே பாத்தேன்" என்று தலையாட்டினேன்.