பேகத்துக்கு ஒரு கைப்பிடி பிரசாதம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சிலர் விசாரித்தீர்கள். உடம்பு சரியில்லையா, வெளியூரா, ஆசிரியரோடு ஏதாவது சண்டையா... ஆளுக்கொரு யூகம். மூன்றும் இல்லை. கட்டுரை எழுதி அனுப்ப வேண்டிய நாளில் நான் ஒரு குதிரையின் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அது எப்போது சாணம் போடும் என்று பார்த்துக்கொண்டு!

சிரிக்காதீர்கள். அன்றைக்கு சாயங்காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பழைய வாசகர்களுக்கு பேகத்தைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி எங்கள் வீடு. நானும் கணவரும் மட்டும்தான். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லையின் கடைசியில் ஒரு கொட்டகை, கொட்டகையில் பேகம். வெள்ளைக் குதிரை. வயது பதினெட்டு. கும்பகோணத்தில் காசிம் பாய் என்பவரிடம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். எத்தனை மாப்பிள்ளைகளைச் சுமந்தாளோ, அவளுக்கே கணக்கு தெரியாது. தார் ரோட்டில் நடந்து நடந்து முழங்கால் போய்விட்டது. மண் தரையும் கொஞ்சம் புல்லும் உள்ள இடமாக பாய் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு கல்யாணத்துக்குப் போன என் கணவர் பந்தியில் உட்காராமல் வாசலில் நின்று குதிரையோடு பேசிக்கொண்டிருந்தார். அப்படி வந்து சேர்ந்தவள்தான் பேகம். மூன்று வருஷம் ஆகிறது.

ஒப்படைக்கும்போது பாய் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அம்மா, புல்லு போடுங்க. வைக்கோல் போடுங்க. கொள்ளு ஊறவெச்சுக் குடுங்க. சோறு மட்டும் போட்டுடாதீங்க. ஒரு கவளம்கூட வேணாம். அதுக்கு வாந்தி எடுக்கவும் வராதும்மா, உள்ள போனது போனதுதான்."

தலையாட்டினோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து போன் செய்வார். "பேகம் எப்படி இருக்கா?" என்பார். "ராணி மாதிரி இருக்கா பாய்" என்பேன். மூன்று வருஷமும் அது உண்மையாகவே இருந்தது.

ஐப்பசி பிறந்தது.

பனி நாடுகளில் இந்த மாதங்களில் மரமெல்லாம் சிவந்து இலை கொட்டுமாம். படத்தில் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்கு எல்லாம் பச்சைதான்... சம்பா நடவு முடிந்து, பயிர் பிடித்து, வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை. வாய்க்கால் நிறையத் தண்ணீர். மழை ஒரு மணி நேரம் பெய்யும், ஒரு மணி நேரம் யோசிக்கும். அது யோசிக்கிற நேரத்தில் தட்டான்கள் கூட்டமாக வந்து கொல்லைக்கு மேலே சும்மா நிற்கும். அவரைப் பந்தலில் ஊதாப் பூ. பவழமல்லி மரத்தடியில் விடிந்தால் பூப்பாய்.

அந்தப் பூப்பாய்க்குப் பக்கத்தில் பேகம் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எதையும் தின்னாமல், எங்கேயும் பார்க்காமல் இருப்பாள். நான் காபி டம்ளரோடு போய்ப் பக்கத்தில் நிற்பேன். அவள் மூச்சு விடும்போது ஈரக்காற்றில் என் கையில் வெதுவெதுப்பாகப் படும். காபி ஆறும். குடிக்கத் தோன்றாது. காலை ஏழு மணிக்கு ஒரு மனுஷிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். வேலை எல்லாம் அப்படியே கிடக்கும்.

நிற்க. பௌர்ணமிக்கு வருகிறேன்.

ஐப்பசிப் பௌர்ணமி என்றால் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். எங்கள் ஊர்க் கோயில் சின்னதுதான். ஆனால் வீட்டுக்கு வீடு அரிசி வரும். வடித்த சோற்றை அள்ளி அள்ளிச் சாத்தி, லிங்கமே தெரியாமல் வெள்ளை மலையாக நிற்கும். கிழக்கே நிலா எழுகிற நேரத்துக்கு தீபாராதனை. அப்புறம் அந்தச் சோற்றைக் கலைத்து ஊருக்கெல்லாம் பிரசாதம். மீனுக்குக் கொஞ்சம் குளத்தில் கரைப்பார்கள். மாட்டுக்கு, நாய்க்கு, காக்காய்க்கு... எந்த உயிரும் அன்றைக்குப் பட்டினி கிடக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நினைப்பு.

டிபன் பாக்ஸில் என் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொல்லை முழுக்க நிலா. பேகம் கழுத்தை நீட்டி என்னையே பார்த்தாள்.

சோறு கூடாது. தெரியும். ஆனால் இது சோறு இல்லையே... பிரசாதம்! சாமி மேலிருந்து எடுத்தது. அது போய் யாருக்காவது கெடுதல் செய்யுமா? ஊரில் மீன் வரைக்கும் சாப்பிடுகிற நாளில் இவள் மட்டும் என்ன பாவம் செய்தாள்? ஒரு கைப்பிடி கொடுத்தேன். நாக்கைச் சுழற்றித் தின்றாள். உள்ளங்கையில் அவள் உதடு பட்டது. இன்னொரு கைப்பிடி. அப்புறம்... டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன். கணவரிடம் சொல்லவில்லை.

விடிகாலையில் தொம் தொம்மென்று சத்தம். பேகம் முன்னங்காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஓடிப் போய்ப் பார்க்கும்போதே மடங்கிப் படுத்தாள், புரண்டாள், எழுந்தாள், தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். உடம்பெல்லாம் வியர்வை. புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க ஒரு பொட்டு சாணமும் போட்டிருக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குக் கணவர் போன் செய்தார். அடுத்து பாய்க்குச் சொல்ல வேண்டும். யார் சொல்வது?

"வயித்து வலின்னு மட்டும் சொல்லலாம். எதனாலன்னு சொல்ல வேணாம்" என்றார் கணவர்.

எனக்குப் பொறி தட்டியது. எதனால் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? கேட்கிற தைரியம் இல்லை. கேட்டால் என் குட்டும் உடைந்துவிடுமே!

பாய்க்கு நான்தான் பேசினேன். வயிற்று வலி, சாணம் போடவில்லை என்றேன்.

"படுக்க விடாதீங்கம்மா. மெதுவா நடத்துங்க. நான் பஸ் ஏறிட்டேன்னு வெச்சுக்குங்க" என்றார். வைத்துவிட்டார்.

டாக்டர் ஸ்கூட்டியில் வந்தார். முப்பது வயதுப் பெண். மழைக்கோட்டைக் கழற்றாமலேயே ஸ்டெதாஸ்கோப்பை பேகத்தின் வயிற்றில் வைத்து, இரண்டு பக்கமும் கேட்டார். முகம் மாறியது.

"உள்ள சத்தமே இல்ல. சாதம் ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒரு கைப்பிடி..." என்றேன்.

"நான் ஒரே ஒரு இலைப் பொட்டலம்" என்றார் கணவர், என்னைப் பார்க்காமல்.

பயிர் பார்க்க வந்த பக்கத்து வயல் சரோஜா, கூட்டத்தைக் கண்டு வேலி ஓரத்தில் நின்றிருந்தாள். மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"அக்கா... நான் ஒரு தூக்குச்சட்டி. வெல்லம் பிசைஞ்சு குடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் அப்பக் கோயில்ல இருந்தீங்க. பிரசாதம்தானேன்னு..."

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொங்கல் முடிஞ்சா மாடு மாடா வரும். தெரியும். அன்னாபிஷேகத்துக்குக் குதிரை வந்தது இதுதான் முதல் தடவை" என்றார். அவர் சிரிக்கவில்லை. ஊசி போட்டார். மூக்கு வழியாக நீளக் குழாய் விட்டு எண்ணெய் மருந்தை இறக்கினார். "சாயங்காலத்துக்குள்ள சாணம் போட்டா பொழச்சுக்கும். போடலேன்னா... அப்ப பார்க்கலாம். நடத்துங்க. ரொம்பக் களைச்சா நிறுத்தி நிறுத்தி நடத்துங்க."

நடத்தினோம். வாய்க்கால் கரையில் மதகு வரைக்கும் போய், திரும்பி, மறுபடி மதகு வரைக்கும். முதலில் கணவர், அப்புறம் நான், அப்புறம் சரோஜா. அவளுக்குக் களை எடுக்க ஆள் வந்து காத்திருந்தது. "அவங்க எடுப்பாங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு பாய் வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பேகத்தின் வாயைத் திறந்து விரலை விட்டு ஈறோரத்தில் துழாவினார். ஒரு சோற்றுப் பருக்கை வந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு, கயிற்றை வாங்கி நடக்க ஆரம்பித்தார்.

அந்த நடையை எப்படி எழுதுவது? தூறல். முன்னால் பாய், நடுவில் பேகம், பின்னால் நான். இரண்டு பக்கமும் பயிர், பயிருக்கு நடுவே அசையாத கொக்குகள். நேற்றைய பிரசாத மயக்கமா, அன்றைய பயமா தெரியவில்லை, ஒரு கட்டத்தில் நாங்கள் நடக்கவே இல்லை, கரைதான் எங்களுக்குக் கீழே மெதுவாகப் பின்னால் போகிறது என்று தோன்றியது. தண்ணீரில் வானம் தெரிந்தது. அதில் ஒரு வெள்ளைக் குதிரை தலைகீழாக நடந்து வந்தது. அதற்கு வயிற்று வலி எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. அந்தக் குதிரையை எனக்குக் கொடுத்துவிடு என்று யாரையோ கேட்டேன். அழுதேன். மழையில் அது ஒரு சௌகரியம்.

மணி இரண்டு ஆகியிருக்கும். மதகுக்கிட்டே, சரோஜா எங்களுக்காகக் காத்திருந்த இடத்தில், பேகம் நின்றாள். பாய் இழுத்தார், வரவில்லை. வாலைத் தூக்கினாள்.

டாக்டரேட் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பது போல மூன்று பேரும் அந்தச் சாணத்தைப் பார்த்தோம். நான்கே உருண்டைதான், ஆனால் போட்டுவிட்டாள்! சரோஜா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். பாய் கண்ணை மூடி உதடு அசைத்தார். வீட்டிலிருந்து காபி பிளாஸ்கோடு வந்துகொண்டிருந்த கணவருக்குத் தூரத்திலிருந்தே கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக இதுவரை யாரும் கத்தியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடவை போட்டாள். கொஞ்சம் புல்லைக் கடித்தாள். அப்புறம்தான் எனக்கு அடுத்த பயம் வந்தது. காலையிலிருந்தே உள்ளே இருந்த பயம்தான், முன்னால் வர இடம் கிடைக்காமல் காத்திருந்தது.

"பாய்... பேகத்தைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடப் போறீங்களா?"

பாய் பேகத்தின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தார்.

"என் மக கல்யாணம் நடந்துச்சும்மா. நெய்ச்சோறு. ஊரே உக்காந்து சாப்பிடுது. இவ மட்டும் வாசல்ல நிக்கிறா. மனசு கேக்கல. ஒரு தட்டு நெறைய நானே கொண்டாந்து வெச்சேன். மறுநா முழுக்க இதே மாதிரி நடந்தேன். மகளை வழியனுப்பக்கூட நான் போகல. அவ இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவா."

மூன்று வருஷமாக அந்த நிபந்தனையை ஒரு குதிரைக்காரரின் அறிவுரை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் யாராவது ஒன்றை 'கூடவே கூடாது' என்று நாலு தடவை சொன்னால், ஏன் என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா? நான் கேட்கவில்லை. தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு சுலபம்!

"இங்கயே இருக்கட்டும்" என்றார் பாய். "எனக்கு வந்த புத்தி உங்களுக்கும் வந்தாச்சு. இன்னொரு எடத்துக்கு அனுப்புனா அவங்களுக்கு மொதல்லேருந்து வரணும்."

சிரித்துவிட்டோம். அன்றைக்கு முதல் சிரிப்பு.

கிளம்பும்போது என்னிடம் கயிற்றைக் கொடுத்தார். "ஆசையா இருந்தா பக்கத்துல நில்லுங்கம்மா. அதுக்கு அது போதும். நமக்குத்தான் போதாது."

பஸ்ஸுக்கு அவரை அழைத்துக்கொண்டு கணவர் பைக்கில் போனார். நான் கொட்டகையில் நின்றேன். மழை விட்டிருந்தது. பேகம் மெதுவாக வந்து என் தோளில் தாடையை வைத்தாள். கனமாக இருந்தது. என் கையை மோந்தாள், முந்தானையை மோந்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள். நாள் முழுக்கப் பட்டினி. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க யாரால் முடியும்?

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வயதில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.